எழுபத்தைந்துக்குக் கீழே

என் தம்பி மனைவி செவந்தி கட்டுமாவடிக்கு வாழ வந்தபோது அவளுக்கு வாளை மீனுக்கும் முரல் மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. இன்றைக்கு அதைச் சொன்னால் கரையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டு ஓரத்தில் பிறந்தவள் அவள். அங்கே மீன் என்றால் டி.வி.எஸ்ஸில் பெட்டி கட்டிக்கொண்டு வருவது, இல்லாவிட்டால் கண்மாய் வற்றும்போது அள்ளுவது. கொட்டை உடைத்து உடைத்து, பால் பட்டு, விரலெல்லாம் தோல் உரிந்த கையோடுதான் மாலை மாற்றிக்கொண்டாள். வந்த முதல் வாரத்தில் நண்டை உயிரோடு சட்டியில் போட்டு, அது ஏறி ஓட, இவள் கூடத்துக்கு ஓடிவந்தாள். நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்காமல் என்ன செய்வாள்? நான் ஒரு வருடம் சிரித்தேன்.

அதற்குமேல் சிரிக்க அவள் இடம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு மீன் வாங்கக் கரைக்குப் போனவள், ஏலத்தில் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். பிறகு ஒரு கூடை நண்டை எடுத்து அறந்தாங்கி பஸ்ஸில் ஏற்றினாள். பிறகு புதுக்கோட்டை ஹோட்டல்களுக்குச் சரக்கு அனுப்பினாள். பத்து வருடத்துக்குள் கட்டுமாவடி ஏலத்தில் செவந்தி நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு மற்ற வியாபாரிகள் விலை கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அவளுடைய மூலதனம் எல்லாம் காதுதான். படகு கரைக்கு வருமுன்னே இஞ்சின் சத்தத்தை வைத்து யார் படகு என்று சொல்வாள். ஏலம் விடும் கண்ணுசாமி பேசுகிற வேகத்தில் பாதிப்பேருக்கு ஒன்றும் பிடிபடாது. வாய் நிறைய வெற்றிலை, அதற்குமேல் உதட்டை மூடிக் கூரை போல மீசை. அந்த மீசைக்குள்ளிருந்து வரும் விலையை இவள் ஒன்று விடாமல் பிடித்துக்கொள்வாள். அவர் ஒருவர் முகத்தைப் பார்த்து நிறுத்துவார். பார்க்கப்பட்டவர் தலையை ஆட்டினால் சரக்கு அவருடையது. ஆட்டினால் ஆட்டியதுதான், பிறகு இல்லை என்று சொல்லமுடியாது. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, எங்கள் கரையில் இத்தனை காலமாக எல்லாம் தலையில்தான் நடக்கிறது.

அந்தக் காதுதான் போயிற்று. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது காதையும் முக்கால்வாசி எடுத்துக்கொண்டு போனது. நரம்பு தளர்ந்துவிட்டது, மெஷின் மாட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். முகாமில் மெஷின் கொடுத்தார்கள். வீட்டுக்குள் அது ஏதோ உதவியது. கரையில் மாட்டினால் காற்றும் இஞ்சினும் காக்காயும்தான் பெரிதாகக் கேட்டன, கண்ணுசாமி கேட்கவில்லை. அவள் அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, எதிராளி உதட்டைப் பார்த்துப் பழகிக்கொண்டாள். உதடு தெரிகிற மனிதர்களிடம் ஓரளவு ஓடியது. கண்ணுசாமியிடம் ஓடவில்லை. நண்டுக்கூடை வரும்போது மட்டும் விரலால் விலை காட்டச் சொல்லி, மற்ற நேரம் பேசாமல் நின்று, எப்படியோ சமாளித்தாள். காது கேட்கவில்லை என்று அவள் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள்.

இனி என் தம்பி. எங்கள் அப்பா மேடைத் தமிழில் மயங்கியவர். எனக்கு இளமதி என்றும் அவனுக்குக் கார்முகில் என்றும் பெயர் வைத்தார். அவன் பிறந்த வருடம் ஒரு தூறல்கூட இல்லை என்று அம்மா கடைசிவரை குத்திக்காட்டுவாள். அப்பா நடத்திய மைக்செட் கடைக்கு என் பெயர், 'இளமதி சவுண்ட் சர்வீஸ்'. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். என் பெயரைப் போர்டில் போட்டுக்கொண்டு ஊரில் யார் வீட்டுக் காதுகுத்துக்கும் குழாய் கட்டினார் அப்பா. கார்முகில் டிப்ளமோ படித்து, பெங்களூரில் வயர்லெஸ் சர்க்யூட் பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தான். அப்பா போனதும் கடையைப் பார்க்கத் திரும்பி வந்தான். வந்தவன் கடையைப் பார்த்தானா என்றால், அதுதான் இல்லை. முன்பக்கம் ஆம்ப்ளிஃபயர்கள் ரிப்பேருக்கு வரிசையில் கிடக்கும். இவன் பின் அறையில் நகத்தளவு சிப்புகளைப் பற்றவைத்துக்கொண்டிருப்பான். கூப்பிட்டால் 'இந்தா வாரேன்' என்பான். வரமாட்டான்.

செவந்திக்குக் காது போன பிறகு அந்தப் பின் அறைக்கு ஒரு நியாயம் கிடைத்தது. ஏலக்காரர் சட்டையில் ஒரு குட்டி மைக், அதில் இருந்து அலை, செவந்தி காதில் ஒரு ரிசீவர். கண்ணுசாமி பேசுவது காற்றில் கலக்காமல், இஞ்சினில் மூழ்காமல், நேராக அவள் காதுக்குள் போகவேண்டும். உரிமம் கேட்காத அலைவரிசை ஒன்றைப் பிடித்தான். பல மாதம் உட்கார்ந்தான். ரிசீவரைப் பற்றிக் கவலையில்லை, அது வாங்கிப் பொருத்தியது. மைக் பக்கத்துப் பலகைதான் அவன் சொந்தச் சமையல்.

அந்தப் பலகையில் இருக்கும் சிப்பு என்ன செய்கிறது என்று நான் கேட்டபோது அவன் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். நானும் சொல்லிப் பார்க்கிறேன். பலகையில் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. அது அசராமல் ஒரே வேகத்தில் துடிக்கும், ஆனால் மெதுவாக. சிப்புக்குள் இன்னொன்று பல மடங்கு வேகமாகத் துடிக்கும், ஆனால் அதன் இஷ்டத்துக்கு. மைக்கிலிருந்து போகும் அலை அந்தத் துடிப்புதான். சிப்பு என்ன செய்யும் என்றால், வேகமான துடிப்பை எண்ணி எண்ணி, இத்தனைக்கு ஒன்று என்று எடுத்து, அதைக் கிரிஸ்டலோடு வைத்துப் பார்க்கும். முந்தினால் இழுத்துப் பிடிக்கும், பிந்தினால் தள்ளிவிடும். இரண்டும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தால் ஒரு பச்சை விளக்கு எரியும். எத்தனைக்கு ஒன்று என்பதை நாம் கொடுக்கவேண்டும். அந்த எண்ணுக்கு டிவைடர் என்று பெயர்.

“அந்த நம்பர் முழுசா வராதுக்கா. நூத்தி முப்பத்தெட்டு புள்ளி நாலு.”

“புள்ளி நாலை எப்புடிடா எண்ணும்? அரைத் துடிப்பு, கால் துடிப்புன்னு உண்டா?”

“செவந்திகிட்டக் கேளு, அவ சொல்வா. அஞ்சு கூடையில மூணு கூடைக்கு நூத்தி முப்பத்தெட்டு நண்டு, ரெண்டு கூடைக்கு நூத்தி முப்பத்தொம்பது நண்டு போட்டா, கூடைக்கு எம்புட்டு?”

அவ்வளவுதான் விஷயம். மாற்றி மாற்றி எண்ணினால் சராசரியில் பின்னம் வந்துவிடுகிறது. இதை எனக்குக் கணக்கு வாத்தியார் யாரும் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை.

முதல் பலகை வேலை செய்தது. செவந்தி காதில் மாட்டிக்கொண்டு, “கேக்குது, ஆனா அடியில சோன்னு மழை பெய்யுற மாதிரி இருக்கு” என்றாள். இவன் முகம் வாடிவிட்டது. கேட்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவன், மழைச் சத்தத்தை நிறுத்தக் கிளம்பினான். கிரிஸ்டலின் துடிப்பை இரண்டு மடங்காக்கிக் கொடுத்தால், எண்ணவேண்டியது பாதியாகிவிடும். எண் சின்னதானால் இரைச்சலும் குறையும். அது உண்மையாம், புத்தகத்திலேயே இருக்கிறதாம். நூற்று முப்பத்தெட்டு புள்ளி நான்கைப் பாதியாக்கி அறுபத்தொன்பது புள்ளி இரண்டு என்று கொடுத்தான். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அன்றைக்கு நானும் கடையில்தான் இருந்தேன். அவன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எதிரில் நின்று, கண்ணெல்லாம் விரிய, “இரைச்சல் போயிருச்சா?” என்று கேட்டான்.

“போயிருச்சு” என்றாள் செவந்தி.

“நான் பேசுறது கேக்குதா?”

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ம்” என்று தலையை ஆட்டினாள்.

தம்பிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. தெருமுனைக் கடைக்குப் போய் எல்லோருக்கும் டீ சொன்னான். கண்ணுசாமியிடம் போய்ப் பேசினான். அவரும் நல்ல மனுஷன், “என் மீசைக்குள்ள மைக்க வச்சாலும் சரிதான், ஆத்தாவுக்குக் கேட்டாப் போதும்” என்றார். மறுநாள் ஏலத்துக்கு அவர் சட்டையில் மைக்கைக் குத்திவிட்டான் கார்முகில். பச்சை விளக்கைக் காட்டி, “இது எரியிற வரைக்கும் ஒரு பிரச்னையும் இல்லண்ணே” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்துவிட்டான்.

அன்று செவந்தி வீட்டுக்கு வந்தபோது அவள் பின்னால் ஒரு லோடு ஆட்டோ நிறையக் காரப்பொடி மீன் வந்தது.

காரப்பொடியைக் கேவலமாகச் சொல்லவில்லை, குழம்பு வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது கோழித் தீவனத்துக்கும் கருவாட்டுக்கும் மொத்தமாகப் போகும் சரக்கு. நண்டும் கணவாயும் எடுக்கிற செவந்தி அதைத் தொடவேமாட்டாள். நடந்தது இவ்வளவுதான். கண்ணுசாமி காரப்பொடிக் குவியல் பக்கத்தில் நின்று விலை சொல்லிக்கொண்டே வந்து, இவள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டிருக்கிறார். காலையிலிருந்து அவர் இரண்டு மூன்று முறை காதைத் தொட்டுக் காட்டி “மெஷின் நல்லாருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்ததால், இதுவும் அதுதான் என்று நினைத்து இவள் தலையை ஆட்டிவிட்டாள். அவர் கேட்டது, “காரப்பொடி மொத்தமும் ஒனக்கா ஆத்தா?”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை என்று கண்ணுசாமி என்னிடம் பிறகு சொன்னார். இருக்கலாம். சிரிப்பைக் காதால் கேட்க முடியாதவள், எல்லோருடைய பல்லையும் கண்ணால் பார்த்தாள். வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று கண்ணுசாமி கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். இவள் மறுத்துவிட்டாள். தலை ஆட்டினால் ஆட்டியதுதான் என்பது மற்றவர்களுக்குச் சட்டம் என்றால் தனக்கும் சட்டம்தான் என்று ஆட்டோவைப் பிடித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ரிசீவரைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தாள். “நாளையிலேருந்து நான் ஏலத்துக்குப் போகல. நீங்க கடையப் பாருங்க, நான் வீட்டப் பாக்குறேன்” என்றாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. எனக்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. முந்திரிக்காட்டிலிருந்து வந்து கடலைப் படித்த பெண் அவள். அந்தக் கரையில் நிற்கிற இடத்தை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். அதை அவளே விட்டுவிட்டு வருவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கார்முகில் நம்பவே இல்லை. “இருக்காதே, லைட் எரிஞ்சுச்சே” என்று மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்போதும் பச்சை எரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரிசீவரைப் பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டு, “அங்கிட்டுப் போய்ப் பேசுடா” என்றேன். அவன் கொல்லைக்குப் போய் என்னென்னவோ பேசினான். என் காதில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பேச்சும் இல்லை, மழையும் இல்லை. இரைச்சல் போய்விட்டது என்று செவந்தி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மைதான்.

மீனைச் சும்மா விடமுடியாது. மூன்று பேரும் கொல்லையில் உட்கார்ந்து உப்புப் போட ஆரம்பித்தோம். கார்முகில் ஒரு கையில் உப்பும் மறு கையில் போனுமாக அந்தச் சிப்பின் டேட்டாஷீட்டைப் படித்துக்கொண்டிருந்தான். போன் திரையெல்லாம் செதில். திடீரென்று நிமிர்ந்தான்.

“எழுபத்தஞ்சுக்குக் கீழ குடுக்கக்கூடாதாம்க்கா.”

“என்னத்த?”

“டிவைடர. நான் அறுபத்தொம்பது புள்ளி ரெண்டு குடுத்தேன்ல, அது செல்லாது.”

ஏன் செல்லாது என்பதையும் சொன்னான். அறுபத்தொன்பது புள்ளி இரண்டு என்றால் நாலு கூடைக்கு அறுபத்தொன்பது, ஒரு கூடைக்கு எழுபது என்று அவன் எனக்குச் சொன்னது குழந்தைக் கணக்கு. நிஜத்தில் சிப்பு ஒரு கூடையில் மூன்று நான்கு குறைத்துப் போடும், அடுத்ததில் கூட்டிப் போடும், அப்படித் தள்ளாடித் தள்ளாடித்தான் சராசரிக்கு வரும். தள்ளாடுவதற்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும். எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த இடம் போதாது. சில எண்களை அதனால் சரியாக எண்ணவே முடியாது. எண்ணுகிறேன் என்று எதையோ எண்ணி, எங்கேயோ ஓர் அலையில் போய் நின்றுகொள்ளும். தன் அலை வராததால் ரிசீவர் ஓரிடத்தில் சத்தமில்லாமல் காத்திருக்க, இது வேறிடத்தில் பேசிக்கொண்டிருக்கும்.

“சரிடா, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான? எதுக்குப் பச்ச லைட்டப் போடுது?”

“அதுக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியாதுக்கா. என்ன நம்பர் குடுத்தாலும் வாங்கிக்கிரும். உள்ளுக்குள்ள ரெண்டு துடிப்பும் ஒத்துப்போச்சுன்னா லைட்டப் போட்ரும். சரியான எடத்துலதான் நிக்கிறமான்னு அதுக்கே தெரியாது.”

சொல்லிவிட்டு அவன் சும்மா இருந்திருக்கலாம். செவந்தி பக்கம் திரும்பி, அவளுக்கு உதடு தெரிகிற மாதிரி நேராக உட்கார்ந்து, “சிப்பு சொல்லல சரி, நீயும் ஏன் கேக்குதுன்னு தலைய ஆட்டுன?” என்று கேட்டான்.

செவந்தி உப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு பேசியபோது, காது கேட்காதவர்கள் சில நேரம் பேசுவதுபோலக் குரல் தெரு வரைக்கும் கேட்டது.

“நீங்க எதுக்க நின்னு பேசுனீங்க. ஒதட்டப் பாத்தேன், புரிஞ்சிச்சு. காதுல விழுந்துச்சா, கண்ணுல விழுந்துச்சான்னு எனக்கே தெரியல. ஒங்க மொகத்தப் பாத்தா இல்லேன்னு சொல்ல மனசு வரல. அது மட்டுமில்ல. நான் என்னான்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க? ஒருதடவ திருப்பிச் சொல்வீங்க. இன்னொருதடவ கேட்டா மொகம் மாறும். அதுக்கு மேல கேட்டா 'ஒண்ணுமில்ல, விடு'ம்பீங்க. நீங்க மட்டுமா? எல்லாருந்தான். எல்லாரும் சிரிப்பீங்க, என்னான்னு கேட்டா ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததுக்கா அம்புட்டுப் பேரு சிரிச்சீங்க? செவிடின்னு சொன்னாக்கூடத் தாங்கிக்கிருவேன். இந்த ஒண்ணுமில்லைங்கிறதத்தான் தாங்க முடியல. அதுக்கு ம்னு ஒரு தலைய ஆட்டிட்டா யாருக்கும் சங்கடம் இல்ல பாருங்க.”

நானும் என் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. காரப்பொடி மட்டும் ஆளுக்கு ஒரு கை குறையாமல் உப்பில் விழுந்துகொண்டிருந்தது. அன்று மாலைவரை கார்முகில் பின் அறைக்குப் போகவே இல்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மறுநாள் போனான். கிரிஸ்டலை இரண்டு மடங்காக்கிய வேலையை எடுத்துவிட்டான். பழையபடி நூற்று முப்பத்தெட்டு புள்ளி நான்கு. கூடவே இன்னொன்றும் செய்தான். அந்தச் சிப்புக்கு எண்ணைக் கொண்டுபோய்க் கொடுக்கும் புரோகிராமில், எழுபத்தைந்துக்குக் குறைந்த எண் வந்தால் வாங்காதே, பச்சையை அணைத்துச் சிவப்பைப் போடு என்று எழுதினான். சிப்புக்கு மறுக்கத் தெரியாது, அதற்காக இவன் மறுத்தான். “மழச் சத்தம் இருந்துட்டுப் போகட்டும்க்கா. கேட்டாப் போதும்” என்றான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் இவ்வளவு கருவாடு போட்டிருக்க வேண்டாம்.

சோதித்துப் பார்க்கும் விதத்தையும் மாற்றிவிட்டான். கேட்கிறதா என்று கேட்பதை நிறுத்திவிட்டான். மைக்கை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். செவந்தி வாசலில் ரிசீவரோடு நின்றாள். அவன் பேசுவதை அவள் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். நான் பக்கத்தில் நின்றேன், எனக்கு அவன் பேச்சு எட்டவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கும் தெரிந்தது.

“என்னமோ சொல்றாரு மதினி... 'போன பொங்கலுக்கு ஒங்க சித்தப்பா வேட்டியோட கொடியில காஞ்ச என் சட்டையையும் சேத்துக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு, அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சோம்'ங்கிறாரு.”

சொல்லி முடித்தவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தெருக்கோடியைப் பார்த்துக் கத்தினாள். “இதுக்கா சிரிச்சீங்க? சப்புன்னுல்ல இருக்கு!”

அங்கே அவன் முதுகு குலுங்கியது. சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடத்து ஒண்ணுமில்லைகளை ஒவ்வொன்றாக நினைவு வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். பாதிக்கும் மேல் சப்பென்றுதான் இருந்தது. அவள் ஒன்றைக்கூட விடாமல் திருப்பிச் சொன்னாள்.

ஆனாலும் ஏலத்துக்குப் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. காரப்பொடி காய்ந்து, கருவாடாகி, மூட்டை கட்டி விலைக்குப் போன பிறகு ஒரு காலையில் அவளே கூடையை எடுத்துக்கொண்டு, “மதினி, லீவுதான? வாங்க, ஒரு நட போயிட்டு வருவம்” என்றாள். தனியாகப் போகப் பயம் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் என் கையைப் பிடித்த பிடியில் தெரிந்தது.

கரையில் நல்ல கூட்டம். படகுகள் இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் இருந்து அன்றுதான் வந்திருந்தன. கார்முகில் கண்ணுசாமி சட்டையில் மைக்கைக் குத்தினான். இவள் காதில் விலை விழுந்தது, முகத்திலேயே தெரிந்தது. முதலில் வந்த கணவாயில் ஒரு கூடை எடுத்தாள். அடுத்து வந்த நண்டில் இரண்டு கூடை எடுத்தாள். நாலைந்து பேர் பழைய வழக்கப்படி இவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலை கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பெறாத பெருமை, இருந்தாலும் இருந்தது.

அப்போது வெயில் ஏறிவிட்டது. கண்ணுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, உதறித் திரும்பத் தோளில் போட்டார். துண்டு பட்டு மைக்கின் சுவிட்ச் அணைந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. கார்முகில் அப்பால் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தான். எனக்கும் உடனே தெரியவில்லை. செவந்தியின் கை என் கையை இறுக்கியபோதுதான் என்னமோ நடக்கிறது என்று திரும்பினேன்.

எதிரே பெரிய நண்டு, அன்றைய ஏலத்திலேயே நல்ல சரக்கு, மூன்று கூடை. கண்ணுசாமியின் மீசை மேலும் கீழும் அசைந்தது. விலை ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவர் நிறுத்திவிட்டுச் செவந்தி முகத்தைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. இவள் தலை மெல்ல அசைய ஆரம்பித்ததை நான் பார்த்தேன். இரண்டு வருடப் பழக்கம், சும்மா போகுமா? நான் அவள் முகத்துக்கு நேராக விலையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவள் தலையை நிறுத்திக்கொண்டாள். என் கையை விட்டுவிட்டு, கூடைகளைத் தாண்டி ஓரடி முன்னே வந்து கையைத் தூக்கினாள்.

“கண்ணுசாமியண்ணே, நிப்பாட்டுங்க. எனக்குக் கேக்கல.”

கரை முழுக்கக் கேட்டிருக்கும் அந்தக் குரல். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அங்கே யாரும் கேட்டதில்லை. கண்ணுசாமி தடுமாறிப்போனார். மனுஷன் பாவம், சமாதானப்படுத்தும் பழக்கத்தில், “ஒண்ணுமில்ல ஆத்தா...” என்று ஆரம்பித்துவிட்டார். மீசையைத் தாண்டி அந்த ஒரு வார்த்தை மட்டும் அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ!

“ஒண்ணுமில்லேங்காதீங்கண்ணே. என்னா வெலையின்னு சொல்லுங்க. மீசைய ஒதுக்கிட்டுச் சொல்லுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கண்ணுசாமி இரண்டு கையாலும் மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே குனிந்து, அவள் முகத்துக்கு நேராக விலையைச் சொன்னார். ஒரு தடவை சொன்னார், அவள் பார்வையைப் பார்த்துவிட்டு அவராகவே இன்னொரு தடவையும் சொன்னார். செவந்தி நண்டைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துப் புரட்டி வயிற்றை அழுத்திப் பார்த்தாள். திரும்பக் கூடையில் போட்டாள்.

“வேணாம்” என்றாள்.

“ஏ ஆத்தா, இதுக்கா இம்புட்டுப் பேரையும் நிக்க வச்ச?”

“ஆமாண்ணே. இன்னைக்குக் கேட்டுட்டு வேணாங்கிறேன்.”